ஒரு ப்ராசசர் போதும்

கடைக்காரர் இரண்டு கம்ப்யூட்டர் பெட்டிகளின் பக்கவாட்டு மூடிகளையும் கழற்றி மேசைமேல் நிறுத்தினார்.

ஒன்றில் ஒரே ஒரு ப்ராசசர். கடையிலேயே அதிக வேகம் அதற்குத்தான். மற்றதில் வேகம் குறைந்த ப்ராசசர்கள் இரண்டு, ஆளுக்கொரு விசிறியோடு அருகருகே உட்கார்ந்திருந்தன.

சித்தப்பா இரண்டாவது பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, புரிந்தவரைப் போலத் தலையாட்டினார்.

"ஒண்ணுக்கு ரெண்டா இருக்கு. இதையே போட்டுடுங்க."

அதைக் கடைக்காரரிடம் சொன்னார். பக்கத்தில் நின்ற அவளிடம் கேட்கவில்லை.

கம்ப்யூட்டர் அவளுக்குத்தான். பெரிய தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் கான்கிரீட் கால்கள் பலத்த காற்றில் எவ்வளவு ஆடும் என்று கணக்கிட்டுச் சொல்வது அவள் வேலை. இயற்பியல் படித்து முடித்ததும், அந்த வேலைக்கென்றே சித்தப்பா அவளைத் தன் இன்ஜினியரிங் அலுவலகத்தில் சேர்த்துக்கொண்டார். கணக்குக்கான ப்ரோக்ராமையும் அவளே எழுதினாள்.

ஆனால் கணக்கு ஓட ஆரம்பித்துச் சூடு பிடிக்கிற நேரத்தில், அவள் நாற்காலியின் முதுகில் ஒரு கை வந்து விழும்.

"அம்மாடி, ஒரே ஒரு லெட்டர்."

ஒரே ஒரு லெட்டர் என்பது ஒருநாளும் ஒன்றாக இருந்ததில்லை.

பழைய கம்ப்யூட்டரில் கணக்கும் கடிதமும் சேர்ந்து ஓடாது. அவள் கணக்கை நிறுத்துவாள். கடிதம் அடிப்பாள். மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். வெளியாள் என்றால் முகத்தைச் சுளிக்கலாம். அவள் வீட்டுப் பெண். வீட்டில் சொன்னால் அம்மா, "சித்தப்பாதானே கேக்கறாரு," என்பாள். அதற்குமேல் பேச்சு இருக்காது.

வருகிறவர்கள் எல்லாரும் அவளை டைப்பிஸ்ட் என்றே நினைத்தார்கள். போன வாரம் ஒருவர், கணக்குப் போடுகிற இன்ஜினியரைப் பார்க்க வேண்டும் என்று அவளிடமே கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா, "உள்ளே வாங்க," என்று தன் அறைக்கு அழைத்துப் போய்விட்டார்.

இப்போது கடைக்காரர் பில் புத்தகத்தைத் திறந்தார்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவள் உடன் வந்திருப்பதே அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது போலிருந்தது.

"ஒரு ப்ராசசர் இருக்கிறது போதும்," என்றாள்.

"ஏம்மா?"

"ஆபீஸ்ல இருக்கிற ப்ரோக்ராம் ஒரு ப்ராசசர்லதான் ஓடும், சித்தப்பா. இன்னொண்ணு சும்மா கிடக்கும்."

"சும்மா ஏன் கிடக்கணும்? ஒண்ணு உன் கணக்குக்கு, ஒண்ணு நம்ம லெட்டருக்கு. நீ எதையும் நிறுத்தவே வேணாம்." சித்தப்பா கடைக்காரர் பக்கம் திரும்பினார். "அதுக்கு ரெண்டு மூளை, இவளுக்கு ரெண்டு கை. பொருத்தம் பிரமாதம், இல்ல?"

கடைக்காரர் சிரித்தார். சிரிக்க வேண்டிய இடம்தான். பணம் கொடுப்பவர் சொன்ன ஜோக்.

அவள் சிரிக்கவில்லை.

துப்பட்டாவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். காலையில் குளிக்கும்போது இதைத்தான் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள். அங்கே குரல் நன்றாகவே வந்தது.

"சார், இது ரெண்டுல ஒரு கணக்கை மட்டும் ஓட்டினா எது சீக்கிரம் முடிக்கும்?" என்று கடைக்காரரிடம் கேட்டாள்.

அவர் சித்தப்பாவைப் பார்த்தார். பிறகு பெட்டிகளைப் பார்த்தார். "அப்படிக் கேட்டா, ஒரு ப்ராசசர் இருக்கிறதுதாங்க. வேகம் அதுலதான்."

"எனக்கு அதுதான் வேணும்."

"சரி, கணக்கு ஓடறப்போ அதுல லெட்டர் அடிக்க முடியுமா?" என்றார் சித்தப்பா.

"முடியாது. கணக்குக்குத்தான் முதல் இடம்னு வெச்சுடுவேன். மவுஸைக்கூட நகர்த்த முடியாது."

"அப்புறம் லெட்டருக்கு?"

"பழசை உங்க ரூம்ல போட்டுக்கலாம்."

"போட்டுக்கலாம். யாரு அடிக்கிறது?"

கடைக்குள் எதுவோ கீச்சென்று சுழன்றுகொண்டிருந்தது. கடைக்காரர் பேனாவை மூடிவிட்டு, திரும்பவும் திறந்தார்.

"தெரியலை, சித்தப்பா. எனக்குக் கணக்கு இருக்கும்."

சித்தப்பா அவளை உற்றுப் பார்த்தார். வழக்கமாக அந்தப் பார்வைக்கு அவள் தரையைப் பார்ப்பாள். இன்று அவர் மூக்குக் கண்ணாடியின் நடுக்கம்பியைப் பார்த்தாள். கண்களைப் பார்ப்பதைவிட அது சுலபமாக இருந்தது. அவருக்கு வித்தியாசம் தெரியாது.

"பேசவே மாட்டா இவ," என்று கடைக்காரரிடம் சொன்னார். அதில் பாதி புகார், மீதி என்னவென்று அவருக்கே தெரியவில்லை. "சரி, அவ கேக்கறதையே குடுங்க. தொட்டிக் கணக்கு தள்ளிப் போயிட்டே இருக்கு. அது முடிஞ்சாத்தான் எனக்கும் தூக்கம் வரும்."

பணத்தைக் கட்டிவிட்டு, வண்டியை எடுத்துவர வெளியே போனார்.

கடைக்காரர் மூடியைத் திருகிப் பெட்டியை அட்டைக்குள் இறக்கினார். ஒட்டுநாடாவைப் பல்லால் கடித்து அறுத்தார். ஏதோ சொல்ல நினைத்துத் தயங்குவது தெரிந்தது.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ப்ரோக்ராமை ரெண்டாப் பிரிச்சு எழுதிட்டா, அந்த ரெண்டு ப்ராசசர் மெஷின்ல பாதி நேரத்துல முடிஞ்சிடுமே. இதைவிட அதுதான் சீக்கிரம். எழுதிப் பார்க்கலாமே?"

வாசலில் சித்தப்பா ஹாரன் அடித்தார்.

"எழுதியாச்சு," என்றாள் அவள். "நான் படிச்ச காலேஜ் லேப்ல ஓட்டியும் பார்த்துட்டேன். நீங்க சொல்ற மாதிரி பாதி நேரம்தான். ஆனா அதுல லெட்டரும் அடிக்கலாமே."

குனிந்து அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தைத் தூக்கச் சொல்லி அவருக்குக் கண்ணைக் காட்டினாள்.