கோப்பையைத் தொடாதவன்

"அண்ணே, ஒரு தடவை தொட்டுத்தான் பாரேன். கடிச்சிடாது."

தம்பி தாரஸ் இப்படிச் சொன்னதும் ஓரெஸ்ட் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

"போடா. ஜெயிக்காத ஆட்டக்காரன் தொட்டா ஜென்மத்துக்கும் ஜெயிக்க மாட்டான். உனக்குத் தெரியாதா?"

தெரியாதவர்கள் அந்த ஊரில் யாரும் இல்லை. ஐஸ் ஹாக்கி ஆடுகிற எவனும், தான் வெல்லாத கோப்பையின் மேல் விரல் வைக்க மாட்டான். மற்றவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

ஜெயித்த அணியில் ஒவ்வொருவனும் ஒரு நாள் கோப்பையைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோகலாம். இன்று தாரஸின் நாள். கோடை என்பதால் அரங்கத்தில் ஐஸ் இல்லை. வெறும் தரையில் மேசை போட்டுக் கோப்பையை வைத்திருந்தார்கள். ஊரே வரிசையில் நின்று அதற்கு முத்தம் கொடுத்தது. அம்மா உருளைக்கிழங்கு அடைத்த பெரோகிக் கொழுக்கட்டைகளைச் சுடச்சுட அதிலேயே கொட்டி எல்லோருக்கும் பரிமாறினாள்.

நியாயமாகப் பார்த்தால் முதலில் கை வைக்க வேண்டியவன் ஓரெஸ்ட்தான். பத்தொன்பது வருடம் டிஃபென்ஸில் மலை மாதிரி நின்றவன். லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரன் என்று மூன்று முறை விருது வாங்கியவன். முன்பற்கள் போயின, முட்டி போயிற்று, கோப்பை மட்டும் வாய்க்கவில்லை. தெய்வத்துக்குக் கண் இல்லை என்று சும்மாவா சொன்னார்கள்?

இந்த வருடம் அவன் அணி அவனைக் கழற்றிவிட்டது. மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை தாரஸின் அணி. கடைசியாக ஒரு வருடம் அவனைச் சேர்த்துக்கொள்வார்களா என்று அந்த அணியின் மேனேஜர் இன்று போனில் சொல்வதாக இருந்தது.

"நாப்பது வயசாச்சு. இனிமே உன்னை யாருப்பா கூப்பிடப் போறான்? தொட்டுட்டுப் போயேன்!" என்றான் டிராக்டர் மெக்கானிக் டன்கன்.

"அடுத்த வருஷம் தம்பியும் நானும் சேர்ந்து தூக்கிட்டு வர்றோம். அப்ப உன் மூஞ்சியைப் பார்க்கறேன்."

"அடுத்த வருஷம் எதுக்குண்ணே?" தாரஸ் விடவில்லை. "இன்னிக்கே அம்மாவை நடுவுல வெச்சு ஒரு போட்டோ. எனக்காக."

போன் அடித்தது. ஓரெஸ்ட் வெளியே போனான்.

திரும்பி வந்தவன் நேராக மேசைக்குப் போய் இரண்டு கைகளையும் கோப்பையின் மேல் வைத்தான்.

டன்கன் தொப்பியைக் கழற்றினான். அம்மா அழ ஆரம்பித்தாள்.

தாரஸ் ஓடிவந்து கட்டிக்கொண்டான். "உன்னையா வேணாம்னாங்க? அவங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? நான் வேணா மேனேஜர்கிட்ட பேசிப் பார்க்கட்டுமாண்ணே?"

ஓரெஸ்ட் அம்மாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினான்.

"நீதான் ஏற்கெனவே பேசிட்டியாமே. 'அண்ணனுக்குக் கால் ஓய்ஞ்சு போச்சு, எடுக்காதீங்க'ன்னு. என்கிட்டயும் நீ சொல்லியிருப்பேன்னு மேனேஜர் நெனச்சுட்டார் பாவம்... சிரிடா, போட்டோ எடுக்கறாங்க."