ஐந்தாவது கையெழுத்து

"போன முறை மாதிரித்தான் தங்கச்சி. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்," என்றார் இக்னேசியஸ் அண்ணை.

கனடாவில் மார்க்கம் என்ற ஊரில் ஐஸ்கிறீம் டப்பாக்களுக்கு மூடி அடிக்கிற பிளாஸ்ரிக் தொழிற்சாலை அது. அங்கே அவர் சுப்பவைசர். நம் ஆட்களுக்கு வேலை எடுத்துக் கொடுப்பவரும் அவர்தான், இங்கிலிஷ் கடிதங்களை வாசித்துச் சொல்பவரும் அவர்தான்.

அவர் ஜோசப்பினிடம் நீட்டிய தாளில் ஏற்கெனவே நாலு கையெழுத்து இருந்தது. நாலாம் நம்பர் மிசினில் நிற்கும் ஜமேக்கா மனுசி கிளடிசுக்கு மூளை சரியில்லை, அவளோடு வேலை செய்யப் பயமாயிருக்கிறது, அவளை வேலையிலிருந்து நிற்பாட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறதாம்.

ஜோசப்பினுக்கும் பயம்தான். யாருக்குத்தான் இராது?

கிளடிஸ் மிசினைப் போடுமுன் ஒவ்வொரு தடவையும் அதன் வாய்க்குள் குனிந்து, "அன்புராசா" என்று கூப்பிடுவாள். பிறகு காதைக் கொடுத்துக் கேட்பாள். உள்ளேயிருந்து யாரோ பதில் சொன்னதுபோலத் தலையை ஆட்டிவிட்டுத்தான் பட்டனை அமத்துவாள். வெள்ளைக்கார மனேச்சர் வாயில் நுழையாமல் கடைசிவரை 'அண்டி' என்றே சுருக்கிக் கூப்பிட்ட பெயரை அவள் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள் மாதிரி உச்சரிப்பாள்.

நம்மோடு வேலை செய்த அன்புராசாவின் வலது கை போனது அந்த மிசினில்தான்.

இரண்டு வருடத்துக்கு முன், தொண்ணூற்று நாலு மார்கழியில் அது நடந்தது. அன்று கூட வேலை செய்யும் நிலாணியின் பிறந்தநாள். நம்மவர்கள் எல்லாரும் மேல்மாடிச் சாப்பாட்டு அறையில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த லோட்டை முடித்துவிட்டு வருவதாக அன்புராசா சொல்லியிருந்தான். கிளடிசை யாரும் கூப்பிடவே இல்லை.

கீழே ஒரு சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உள்ளே சிக்கிய மூடியை எடுக்க அன்புராசா கையை விட்டானாம், கிளடிஸ் பாராமல் பட்டனை அமத்திவிட்டாளாம். இக்னேசியஸ் அண்ணைதான் பிறகு சொன்னார். அவனுக்கு நட்டஈடு கிடைக்கட்டும் என்று அவர் நீட்டிய இங்கிலிஷ் தாளில் கேட்ட இடத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள். ஆபத்தென்றால் நம்மவர்கள் ஒற்றுமையாகத்தான் நிற்பார்கள்.

"உந்தக் கறுவல் மனுசியை அண்டைக்கே வீட்டுக்கு அனுப்பியிருக்கோணும்," என்றார் அண்ணை. "பாவம் பாத்தது பிழையாப் போச்சு. இந்த முறையாவது இங்கிலிசில போடுங்கோ தங்கச்சி."

சாப்பாட்டு நேரம் முடியப் போட்டுத் தருவதாகச் சொல்லித் தாளை மடித்து ஏப்ரன் பொக்கற்றில் வைத்தாள் ஜோசப்பின். ஒருத்தியின் வேலையைப் பறிக்கிற தாள். போடுமுன் அந்த முகத்தை ஒருதரம் பக்கத்தில் பார்த்துவிட வேண்டும் போலிருந்தது.

மிசின்கள் நின்றிருந்தன. பாதி லைற்றை அணைத்துவிட்டிருந்தார்கள். கிளடிஸ் மேல்மாடிக்குப் போவதில்லை, நாலாம் நம்பருக்குப் பக்கத்திலேயே பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு இருந்து சாப்பிடுவாள். ஜோசப்பினைக் கண்டதும் தன் பையை நகர்த்தி இடம் விட்டாள். இரண்டு வருடத்தில் அந்த இடத்தில் யாரும் வந்து இருந்ததில்லை.

ஜோசப்பின் தனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலிசில், அன்புராசா அஜக்ஸ் என்ற ஊரில் தமையன் வீட்டில் இருக்கிறான், இங்கே ஏன் அவனைக் கூப்பிடுகிறாய் என்று கேட்டாள்.

அது தெரியும் என்றாள் கிளடிஸ். உள்ளே ஒருவரும் இல்லை என்பதும் தெரியுமாம். இருந்தும் கூப்பிடாமல் பட்டனைத் தொட முடியவில்லை. வீட்டிலும் அப்படித்தான், ஒரு கதவைச் சாத்துமுன்கூட இடுக்கில் யாருடைய கையாவது இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் சாத்துகிறாள்.

"நான் அமத்தியதாக எனக்கு ஞாபகமே இல்லை," என்றாள். "ஞாபகத்தில் என் இரண்டு கையிலும் மூடிகள் இருக்கின்றன. மிசின் தானாக மூடுகிறது."

"அதைச் சொல்லவில்லையா?"

சொன்னாளாம். கதவு திறந்திருந்தாலும் மிசின் நிற்காமல் வேலை வேகமாக ஓடட்டும் என்று பாதுகாப்புக் கதவின் சுவிட்சை இக்னேசியஸ் கம்பியால் கட்டி வைத்திருந்ததையும் சொன்னாளாம். ஒருவரும் எழுதிக்கொள்ளவில்லை. பன்னிரண்டு வருடம் அங்கே வேலை செய்தவளிடம் மனேச்சர் கேட்டது ஒன்றே ஒன்று. அன்று காலை என்ன புகைத்துவிட்டு வந்தாய்?

"பிறகு நானே நம்பிவிட்டேன்," என்றாள் கிளடிஸ். "ஐந்து பேர் பக்கத்தில் நின்று பார்த்ததாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து பேர் சேர்ந்து பொய் சொல்வார்களா? என் மூளைதான் பொய் சொல்கிறது."

ஜோசப்பின் அன்றைய நாளை மனதில் ஓட்டிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற அந்த ஐந்து பேர் யார்? அன்று கீழே கிளடிசையும் அன்புராசாவையும் தவிர ஒருவரும் இருக்கவில்லையே.

கிளடிஸ் பையிலிருந்து நாலாக மடித்த போட்டோக்கொப்பி ஒன்றை எடுத்து விரித்தாள். மடிப்பெல்லாம் நைந்து, டேப் ஒட்டியிருந்தது.

"இதில் நாலு பேரை எனக்குத் தெரியும். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஐந்தாவது பெயர் உங்கள் மொழி எழுத்தில் இருக்கிறது. இரண்டு வருடமாக அந்த ஆளைத் தேடுகிறேன். என் கை பட்டனில் இருந்ததைக் கண்ணால் கண்ட ஒருவர் இப்படிப் பக்கத்தில் இருந்து எனக்குச் சொன்னால் போதும், இந்த மிசினோடு பேசுவதை விட்டுவிடுவேன். வாசித்துச் சொல்கிறாயா, ஜோசி? யார் இது?"

இங்கிலிஷ் வரிகள் ஒன்றும் அவளுக்கு விளங்கவில்லை. தாளின் அடியில், பள்ளிக்கூடத்தில் பழகிய அதே குண்டுக் குண்டு எழுத்தில், 'ஜோசப்பின்' என்று இருந்தது.