சேவல் ரத்தத்தில் கரு

நம்பினால் நம்புங்கள், அந்த மாட்டாஸ்பத்திரியில் மைக்ராஸ்கோப் பேசும். இருபது வருஷமாய் நாய், மாடு ரத்தத்தையே, அதாவது கருவே இல்லாத சிவப்பணுக்களையே பார்த்துப் பழகியது. ஒருநாள், தொண்டை கட்டிக் கூவாமல் கிடந்த சேவலின் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி அதனடியில் வைத்தார்கள்.

“ஐயையோ! ஒவ்வொரு சிவப்பணுவுக்குள்ளயும் ஒரு கிருமி! ஒண்ணுகூடத் தப்பல!” என்று அலறியது மைக்ராஸ்கோப்.

கூடையிலிருந்த சேவல் நடுங்கியது. “மெல்லப் பேசும் ஓய்! வெளியே நிக்கிற எங்க வீட்டம்மா காதுல விழுந்தா, மத்தியானம் நான் குழம்பு!”

கண்ணாடித் தகடு சிரித்தது. “அண்ணாச்சி, இது யாரு ரத்தம்னு கேட்டீரா?”

“யாரோடதா இருந்தா என்ன? ரத்தம் ரத்தம்தான்!”

“இது சேவலோடது. பறவைன்னா சிவப்பணுவுக்குள்ள கரு இருக்கும். நீர் பார்த்தது கிருமி இல்ல, கரு.”

“முட்டையிலதானய்யா கரு இருக்கும்?” என்று முனகிக்கொண்டே, “நோய் இல்லை” என்றது மைக்ராஸ்கோப்.

அதைக் கேட்டதும் சேவலின் தொண்டை திறந்து, அது கூவிய கூவல் நாலு தெரு தாண்டிப் போனது.

அடுத்து ஒரு நாயின் ரத்தம் வந்தது. மைக்ராஸ்கோப் உற்றுப் பார்த்துவிட்டுத் தழுதழுத்தது.

“அடப்பாவமே, ஒண்ணுலகூடக் கருவைக் காணோம்! இருபது வருஷமா எந்த நாய்க்கும் இல்ல. நானும் கவனிக்காம இருந்துட்டேனே!”