செத்த செயற்கைக்கோளும் ஒரு மீசையும்

மஹய்யாவையில் அழகரின் மொட்டைமாடிக்குச் சலூன்காரன் திலக்ஷனைச் சவரக்கத்தியோடு கூப்பிட்டிருந்தார்கள். செத்துப்போன செயற்கைக்கோள் ஒன்று இன்றைக்குச் சத்தம் கொடுத்தால் அழகரின் மச்சான் குணராசாவுக்கு மீசை போகும், கொடுக்காவிட்டால் அழகருக்கு. அதுதான் பந்தயம்.

“பல்கலைக்கழகத்துல செஞ்ச சின்னப் பெட்டி, மச்சான். நாலு வருசமா மூச்சில்ல. ஒங்க மீசைய ஒருதரம் ஆசையாத் தடவிக்கங்க,” என்றார் குணராசா.

“பேட்டரிதான் செத்துச்சு. நல்லா வெயில் பட்டா முழிக்கும்,” என்ற அழகர், அன்டெனாவை ஹந்தானை மலைப் பக்கம் திருப்பினார்.

குணராசாவின் மீசையில் குருவி கூடு கட்டியதாக ஊரில் பேச்சு. அது தன் கையால் போகக்கூடாது என்று திலக்ஷன் வேண்டிக்கொண்டான். வேண்டுதல் பலிக்கவில்லை. ரேடியோவின் இரைச்சலுக்குள்ளிருந்து, கோழிக்குஞ்சு போல, கீச் கீச்சென்று சத்தம் வந்தது.

குணராசா அழகரைத் தூக்கி மூன்று சுற்றுச் சுற்றி இறக்கினார். பிறகு தானாகவே கதிரையில் உட்கார்ந்து முகத்தை நீட்டினார்.

“தோத்ததுக்கா சார் இந்த ஆட்டம்?” என்றான் திலக்ஷன்.

“மீசைய எடுங்க தம்பி. வேணுமுன்னா புருவத்தையும் எடுங்க. மேல கத்துறது நான் செஞ்ச பெட்டி.”