ட்ரெய்லருக்கு வைத்த பொட்டு

ஒரு ஜீப்பின் பின்னால் ரிவர்ஸ் லைட் ஒன்று இருந்தது. காட்டில் கேம்ப் போட ஜீப்போடு ஒரு ட்ரெய்லரை மாட்டிய பிறகு, அதன் வெளிச்சம் ட்ரெய்லரின் தகரத்தைத் தாண்டவில்லை. அதனால் ஜீப்பின் சொந்தக்காரர் நவநீதன் ட்ரெய்லரின் பின்புறமும் இரண்டு ரிவர்ஸ் லைட் பொருத்தினார். ஜீப் லைட்டிலிருந்தே அவற்றுக்கு ஒயர் இழுத்தார். அவர் மனைவி கோமளா இரண்டுக்கும் சந்தனப் பொட்டு வைத்தாள்.

ஜீப் லைட்டுக்கு வயிறு எரிந்தது. "இத்தனை வருஷமா சேறும் புழுதியும் தின்னவன் நான். எனக்கு யார் பொட்டு வச்சா?"

"நீங்க குடுக்குற கரண்ட்டுலதாண்ணே நாங்க எரியுறோம்," என்றன புது லைட்டுகள்.

"அப்படியா?" என்றது ஜீப் லைட். மலைப்பாதை நெடுக, ஒவ்வொரு குலுக்கலிலும் அந்த ஒயரை நெட்டி நெட்டிக் கழற்றிவிட்டது.

கேம்ப் போடும் இடத்துக்குப் போனபோது பொழுது சாய்ந்திருந்தது. நவநீதன் ரிவர்ஸ் எடுத்தார். ஜீப் லைட் மட்டும் பளிச்சென்று எரிந்தது. பின்னால் ஒன்றும் தெரியாமல் அவர் ஸ்டியரிங்கை அதிகமாக ஒடித்தார். ட்ரெய்லர் மடங்கித் திரும்பியது. அதன் மூலை தன்னை நோக்கி வருவதை ஜீப் லைட் தன் வெளிச்சத்திலேயே நன்றாகப் பார்த்தது.

ஊர் திரும்பியதும், உடைந்த லைட் இருந்த இடத்தில் புதிதாக ஒன்றை மாட்டினார்கள். கோமளா இந்த முறை மூன்றுக்கும் பொட்டு வைத்தாள். ஜீப்பின் புது லைட் முதல் வேலையாக ட்ரெய்லர் பக்கம் எட்டிப் பார்த்தது.

"அவங்க பொட்டு கொஞ்சம் பெரிசா இருக்கே," என்றது.