கரிநாக்கு

“ஜமால்தீன், பின் கதவாலை ஓடு. அருளப்பு வாறான்!”

அரசாங்கக் கச்சேரியில் லிகிதராக எழுத்து வேலை பார்க்கும் அமிர்தநாயகம் சொல்லி முடிக்கவில்லை, மண்டபத்தில் சிரிப்பு பாதியில் அறுந்தது.

அதுவரை ஜமால்தீன் கதிரையில் ஏறி நின்று கச்சேரியை ஆளும் வெள்ளைக்கார ஏஜென்ட் துரையின் உடைந்த தமிழில் முழங்கிக்கொண்டிருந்தான். “நீங்கள் முப்பது வருஷம் என்ன செய்தது? எத்தனை பிள்ளை பெற்றது?” ஒவ்வொருவராக எழும்பி, உத்தியோகம், கலியாணம், பிள்ளைகுட்டி எல்லாவற்றையும் ‘துரை’க்கு ஒப்புவிக்க வேண்டும். 1908இல் மன்னாரில், இதே பள்ளிக்கூடத்தில், ஒன்றாகச் சீனியர் வகுப்பில் இருந்தவர்கள். நாற்பத்தெட்டு வயது வழுக்கைகள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த நேரத்தில்தான் இந்தச் செய்தி.

“நான் ஏன் ஓட வேணும்?” ஜமால்தீன் கதிரையால் இறங்கினான். தலைமன்னார்க் கப்பல் துறையில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவன். கப்பலால் இறங்குகிற செட்டியாரைச் செட்டியார் குரலிலும், பொலிஸ்காரனைப் பொலிஸ்காரன் குரலிலும் கூப்பிட்டு விற்பான்.

அருளப்பு வாசலில் நின்றான். அரிப்புக் கிராமத்திலிருந்து வள்ளத்தில் வந்திருந்தான்; கட்டியிருந்த சாரம் முழங்கால்வரை ஈரம். முப்பது வருஷத்தில் இந்தப் பள்ளிக்கூடத்துக்குள் அவன் காலெடுத்து வைப்பது இதுதான் முதல் தடவை.

“வா அருளப்பு, இரு. தேத்தண்ணி குடி,” என்றான் அமிர்தநாயகம்.

“குடிக்க வரேல்லை. எழும்பி நிண்டு அவரவர் கதையைச் சொல்ல வேணுமாமே? என்ர கதையையும் சொல்ல வந்தனான்.”

அருளப்பு நடு மண்டபத்துக்கு வந்தான்.

“பேர் அருளப்பு. தொழில் கடல். பிள்ளையள் அஞ்சு. ஒண்டையும் படிப்பிக்க வசதியில்லை. இந்த வகுப்பிலை சோதனை பாஸ் பண்ணக்கூடியவன் ஆர் எண்டு கேட்டால், பெரிய வாத்தியார் என்னைத்தான் காட்டுவார். உங்களுக்குத் தெரியும்.”

தெரியும் என்று சில தலைகள் ஆடின.

“சோதனைக்கு முதல் நாள் பின்னேரம் நான் விடுதியிலை படிச்சுக்கொண்டிருக்கிறன். வேலிக்கு அங்காலை வாத்தியார்ர குரல் கேக்குது. ‘அருளப்பு! அப்ப பாரும், உம்மடை தாய்க்குச் சுகமில்லை, கடுமை. கரையிலை வள்ளம் நிக்குது. புறப்படும்.’ புத்தகத்தைப் போட்டிட்டு ஓடினன். சோதனை போச்சு.”

அவன் நேரே ஜமால்தீனுக்கு முன்னால் வந்து நின்றான்.

“கூப்பிட்டது வாத்தியார் இல்லை. இவன்.”

“ஓம், நான்தான்,” என்றான் ஜமால்தீன். “பிரம்பு முறியுமட்டும் அடியும் வாங்கினனான்.”

“அடி! பெரிய அடி! சிரிக்கிறதுக்கு, பகிடிக்கு, என்ர அம்மாவைப் படுக்கையிலை போட்டாய். நான் போய்ச் சேர, அவ உண்மையாகவே சாகக் கிடந்தா. ‘வந்திட்டியோ ராசா’ எண்டு கையைப் பிடிச்சவ, பிறகு விடவேயில்லை. நான் செபம் சொல்லி முடிக்க முதல் போயிட்டா. உன்ர கரிநாக்கடா! என்ர சோதனையையும் விழுங்கி, என்னைப் பெத்தவளையும் விழுங்கின நாக்கு!”

ஜமால்தீனின் சட்டைக் கழுத்து அருளப்புவின் பிடிக்குள் போயிருந்தது. வள்ளத்துப் பாய்க் கயிறு இழுத்துக் காய்த்த கை. மேல் பொத்தான் தெறித்து உருண்டது.

“எல்லாருக்கும் முன்னாலை சொல்லு. ‘ஒருத்தன்ர தாயை வைச்சுப் பகிடி விட்டனான்’ எண்டு சொல்லு. விடுறன்.”

ஊரில் உள்ள அத்தனை பேரின் குரலிலும் பேசுகிறவன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான்.

“சொல்லடா!”

“வேறை என்ன வேணுமெண்டாலும் சொல்லுறன்,” என்றான் ஜமால்தீன் மூச்சுத் திணற. “பகிடி எண்டு மட்டும் சொல்லமாட்டன்.”

அருளப்பு மற்றக் கையை ஓங்கினான்.

“அவனை அடியாதை!” அமிர்தநாயகம் மேசையை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தான். “அடிக்கிறதெண்டால் என்னை அடி, அருளப்பு. வாத்தியாரும் கண்ணை மூடிட்டார். இனி எனக்கு என்ன...”

“நீ விலகு. உனக்கு என்ன தெரியும்?”

“எல்லாம் தெரியும். அப்ப நான்தானே வகுப்பு மொனிற்றர். அண்டைக்குக் காலமை ஒரு கருவாட்டு யாவாரி வாத்தியார்ர கந்தோர் அறைக்கு வந்தவன். அரிப்பாலை வண்டியிலை வந்தவன். உன்ர அம்மா அவனிட்டைத்தான் சொல்லி அனுப்பியிருந்தவா. ‘கண்ணை மூட முதல் மகனை ஒருக்கா வரச் சொல்லுங்கோ’ எண்டு.”

சட்டையைப் பிடித்திருந்த அருளப்புவின் பிடி தளர்ந்தது.

“‘சோதனை முடியட்டும், பொடியன்ர காதிலை போடவேண்டாம்’ எண்டார் வாத்தியார். என்னை வேதப்புத்தகத்திலை கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினார். நானும் பண்ணினன். கந்தோர் மூலையிலை இவன் ஏதோ குழப்படிக்கு முழங்காலிலை நிண்டவன். இவனிட்டை ஒருத்தரும் சத்தியம் கேக்கேல்லை.”

அமிர்தநாயகம் ஜமால்தீனைக் காட்டினான்.

“யாவாரி வந்த கதையைச் சொன்னால், நான்தான் சத்தியத்தை மீறினனெண்டு வாத்தியார் என்னைப் பள்ளிக்கூடத்தாலை கலைச்சிருப்பார். அதுதான் பிரம்பு முறியேக்கையும் இவன் சொல்லேல்லை. பிறகு சொல்ல, நீ இந்தப் பக்கம் தலை காட்டவும் இல்லை.”

ஓங்கிய கை எங்கே இறங்குவது என்று தெரியாமல் சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு மெல்லக் கீழே வந்தது.

“ஏன்டா...” அருளப்பு ஜமால்தீன் பக்கம் திரும்பினான். “ஏன்டா வாத்தியார் மாதிரிக் கூப்பிட்டனி? நேரை வந்து நீயே சொல்லியிருக்கலாமே?”

ஜமால்தீன் கசங்கிய சட்டையை நீவிவிட்டுக்கொண்டான்.

“அந்தக் கிழமை மட்டும் உன்னை மூண்டு தரம் ஏமாத்திப்போட்டன், மச்சான். நாலாவது தரமும் நானே வந்து சொல்லியிருந்தால், நீ வள்ளம் ஏறியிருப்பியோ?”