பளபளப்பான சங்கு

கடலோரத்தில், காலிச் சங்குக்குள் குடியிருக்கும் சங்கு நண்டு ஒன்று தன் மனைவியோடு வாழ்ந்துவந்தது. அதன் சங்கு சிறியது, பழுப்பேறியது. ஆனாலும் உடம்புக்குக் கச்சிதமாக இருந்தது. பாறைப் பக்கத்து நண்டுகள் பெரிய சங்குகளோடு போவதைப் பார்க்கும்போதெல்லாம் அதற்குக் கூச்சமாக இருக்கும்.

காலிச் சங்குகளைச் சேர்த்து வைத்திருந்த கிழட்டு நண்டு ஒருநாள், "இந்தப் பளபளப்பான சங்கை இப்பவே எடுத்துக்கோ. தினமும் கிடைக்கிற இரையில பாதி கொடுத்தாப் போதும்" என்றது.

"முதல்ல தூக்கி நடந்து பாருங்க" என்றது மனைவி.

நண்டு கேட்கவில்லை. பழைய சங்கைக் கிழட்டு நண்டிடமே விட்டுவிட்டுப் புதியதில் புகுந்தது. இரண்டு நாள் எல்லோரும் புகழ்ந்தார்கள். மூன்றாம் நாள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சங்கின் கனத்தில் நண்டு அலையோரம் போய்ச் சேருவதற்குள் மற்ற நண்டுகள் இரையைத் தின்றுவிடும். கிடைத்ததில் பாதியும் கைவிட்டுப் போனது. ஒன்றும் கிடைக்காத நாட்களில், "நாளைக்குச் சேர்த்துக் கொடு" என்று கிழட்டு நண்டு கனிவோடு சொல்லும். பாக்கி ஏறியது. உடம்பு வற்றியது.

"வெளிய வாங்க. அதைத் திருப்பிக் கொடுத்துடலாம். பாக்கி இரையை ரெண்டு பேருமாத் தேடி அடைப்போம்" என்றது மனைவி.

"வெறும் உடம்போடயா? எல்லாரும் பார்ப்பாங்களே!"

"வெறும் உடம்பைக் கண்டா கொத்திட்டுப் போற பருந்தை விட்டுட்டு அவங்களுக்கா பயப்படுறீங்க?"

நண்டு கண்ணை மூடிக்கொண்டு வெளியே வந்தது. மனைவி தேடி வைத்திருந்த ஓரம் உடைந்த சங்குக்குள் ஓடிப் புகுந்தது. உள்ளிருந்து மெல்ல எட்டிப் பார்த்தது. பாறைப் பக்கத்து நண்டுகள் எதுவும் அதைக் கவனிக்கவே இல்லை. தங்கள் சங்குகளை மூச்சிரைக்க இழுத்துக்கொண்டிருந்தன.